தீவும் நிழற்படமும்

தீவென்பது நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் என்று பூகோள நூலார் கூறுவர். நிழற்படம் எடுப்போனுக்கோ அஃது எல்லை வகுக்கப்பட்டதோர் உலகம். பெருநிலத்தில் ஒரு மலையைப் படம்பிடிக்கப் புகுவோன், அதற்கு அப்பாலுள்ள மலையை விடுவதா சேர்ப்பதா என்று மயங்குவான். ஒரு பறவையைப் படம்பிடிப்போன், அஃது இன்று இங்கும் நாளை வேறெங்கோவும் இருத்தலின், அதன் வாழ்க்கையில் ஒரு துணுக்கையே பெறுவான். தீவிலோ நிலம், அந்நிலத்தை நம்பிய உயிர்கள், அவ்வுயிர்களை நம்பிய மனிதர் ஆகிய மூன்றும் ஒரே பார்வைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆதலின், வனவுயிர்களையும் இயற்கைக் காட்சிகளையும் படம்பிடிக்கும் கலை தன் இளமைப் பருவத்திலேயே தீவுகளை நாடிச் சென்றது வியப்பன்று. அங்கே அது கற்ற பாடம் யாது, ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு காமிரா உறங்கும் இக்காலத்தில் அப்பாடம் நமக்கு எவ்வாறு பயன்படும் என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயர் நாட்டு ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கிலே, த்வெயிட் என்னும் சிற்றூரில் பிறந்த சகோதரர் இருவர் இக்கலையின் முன்னோடிகளுள் தலைசிறந்தவர். மூத்தவர் ரிச்சர்ட் கியர்ட்டன் (1862-1928). இளையவர் செர்ரி கியர்ட்டன் (1871-1940). ரிச்சர்ட் சிறுவயதில் பறவைக் கூடு தேடச் சென்ற இடத்தில் வீழ்ந்து இடுப்பில் ஊறுபட்டமையால், வாழ்நாள் முழுதும் கால் தாங்கியே நடந்தவர். இருவரும் லண்டன் மாநகரில் காஸெல் என்னும் பதிப்பகத்தில் ஊழியம் செய்தனர்; ஓய்வு நாட்களில் வயல்களிலும் வேலியோரங்களிலும் அலைந்தனர். 1892-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், முட்டைகளோடு கூடிய த்ரஷ் என்னும் பறவையின் கூடு ஒன்றைச் செர்ரி படம்பிடித்தார். அச்சிறு படமே அவ்விருவர்தம் வாழ்க்கையின் போக்கை மாற்றியது. பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகளைக் குறித்து ரிச்சர்ட் எழுதிய நூல், செர்ரி இயற்கையில் உள்ளபடியே எடுத்த நிழற்படங்களைச் சித்திரங்களாகத் தாங்கி, 1895-இல் வெளிவந்தது. அத்தகைய நூல் அதற்குமுன் மக்கள் கண்டறியாதது.

இதன் அருமையை உணரவேண்டுமாயின் அதற்கு முந்தைய வழக்கத்தை நினைத்தல் வேண்டும். அக்காலத்தில் பறவையைப் பற்றி அறிய விரும்பியவர் முதலில் கையிலெடுத்தது துப்பாக்கியே. சுட்டு வீழ்த்திய பறவையின் தோலை உரித்துப் பஞ்சடைத்துக் கண்ணாடிப் பேழையில் வைப்பர். ஓவியர் அதனைப் பார்த்துச் சித்திரம் வரைவர். முட்டை சேர்ப்போர் கூட்டம் மற்றொரு புறம். பறவை எத்துணை அரியதோ அத்துணை விலை அதற்கு உண்டு. ஆகவே ஓர் உயிர் அருகிப்போதலே அது விரைவில் அழிதற்குக் காரணமாயிற்று. கியர்ட்டன் சகோதரரோ, பறவையைக் கொல்லாமலே கொண்டுவரலாம் என்று செய்து காட்டினர். இஃது ஒரு கலையின் வெற்றி மட்டுமன்று. ஒரு மனப்பான்மையின் மாற்றமுமாகும்.

அவர்கள் பட்ட பாடு சிறிதன்று. மரத்தாலாகிய பெரிய காமிரா, அதனைத் தாங்கும் முக்காலி, பொதி பொதியாகக் கண்ணாடித் தகடுகள் ஆகிய இவற்றைச் சுமந்துகொண்டு மலையேற வேண்டும். ஒரு தகட்டில் ஒரு படந்தான் பதியும். தகடு கைதவறினால் அன்றைய உழைப்பு முழுதும் சில்லுச் சில்லாய்ப் போம். தொலைவிலுள்ளதை அருகே இழுத்துக் காட்டும் வில்லைகள் அன்று எளிதிற் கிட்டாமையால், பறவையின் பக்கத்தில் தாமே செல்வதன்றி வேறு வழியில்லை. பறவையோ மனிதன் நிழலைக் கண்டாலே பறந்துவிடும். ஆகவே அவர்கள் மறைவிடங்களைச் செய்தனர். 1900-ஆம் ஆண்டில் ஓர் எருதின் தோலை மரச்சட்டத்தின்மேற் போர்த்து, அதன் வயிற்றுக்குள் காமிராவோடு ஒருவர் புகுந்து நிற்குமாறு அமைத்தனர். அப்பொய்யெருது நாற்கால்களும் வானோக்கக் கவிழ்ந்து கிடந்ததும் உண்டு. படிக்கும்போது நகைப்பை விளைக்கும் இச்செயலில் ஓர் ஆழ்ந்த கருத்துளது. பறவையைத் தம்பால் வரவழைக்க முயலாது, அதன் உலகத்திற்குள் தாம் ஒரு கல்லைப்போல, ஒரு மாட்டைப்போல ஒடுங்கி இருக்கக் கற்றனர் என்பதே அது.

இனி, தீவு இக்கலைக்கு எவ்வாறு உதவிற்று என்பதைக் காண்போம். பெருநிலத்தில் நரி, கீரி, பூனை முதலியவற்றுக்கு அஞ்சியே நிலத்தில் கூடுகட்டும் பறவைகள் வாழ்கின்றன. கடலால் காக்கப்பட்ட தீவுகளில் அத்தகைய பகை பெரும்பாலும் இல்லை. எனவே தலைமுறை தலைமுறையாக அச்சம் கற்காத உயிர்கள் அங்கே உண்டு. 1835-ஆம் ஆண்டில் காலப்பகஸ் தீவுகளில் இறங்கிய சார்லஸ் டார்வின், கிளையில் அமர்ந்திருந்த ஒரு பருந்தைத் தம் துப்பாக்கியின் முனையாலேயே தள்ளியதாக எழுதியிருக்கின்றார். அன்றியும், கடற்பறவைகள் ஆண்டின் பெரும்பகுதியைத் திரைகடலின்மேற் கழிப்பினும், முட்டையிடுதற்கு நிலத்தை நாடியே தீரவேண்டும். அவ்வமயம் அவை ஆயிரம் பதினாயிரமாக ஒரே பாறையில் நெருங்கியிருக்கும். நாள்தோறும் அதே கூட்டிற்கே திரும்பி வரும். ஆகவே பொறுமையுடையவனுக்குத் தீவைப்போற் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை.

1896-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கியர்ட்டன் சகோதரர் அத்தகைய பள்ளிக்கூடம் ஒன்றற்குச் சென்றனர். அதன் பெயர் செயின்ட் கில்டா. ஸ்காட்லாந்தின் மேற்கேயுள்ள ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில் ஏறத்தாழ 64 கிலோமீட்டர் தனித்து நிற்கும் சிறு தீவுக்கூட்டம் அது. பல கோடி ஆண்டுகளுக்குமுன் அவிந்துபோன எரிமலை ஒன்றின் எஞ்சிய பற்களைப்போல அதன் பாறைகள் கடலினின்றும் எழுகின்றன. ஹிர்ட்டா என்னும் பெரிய தீவில் கோனஹேர் என்னும் குன்று 430 மீட்டர் உயர்ந்து, கடல்பக்கம் செங்குத்தாக அறுந்து வீழ்கின்றது. போரரே என்னும் தீவின் அருகே ஸ்டாக் அன் ஆர்மின் என்னும் தனிப்பாறை 190 மீட்டருக்குமேல் நீரினின்றும் நிமிர்ந்து நிற்கின்றது. தொலைவிலிருந்து காண்போர்க்கு அப்பாறைகளின் உச்சி வெண்பனி போர்த்தது போலத் தோன்றும். நெருங்கினால் அப்பனி அசையும். அவை கானெட் என்னும் வெண்ணிறக் கடற்பறவைகளும் அவற்றின் எச்சமுமே.

அத்தீவில் மனிதர் வாழ்ந்தனர் என்பதே வியப்பு. 1697-இல் அங்குச் சென்ற மார்ட்டின் மார்ட்டின் என்பார் ஏறத்தாழ 180 பேரைக் கண்டார். மரமில்லை, நல்ல துறைமுகமில்லை, குளிர்காலத்தில் மாதக்கணக்காக எக்கப்பலும் அணுகாது. மீன்பிடித்தலினும் பறவை பிடித்தலையே அம்மக்கள் பெரிதும் நம்பினர். ஆடவர் கயிறு கட்டிப் பாறைமுகத்தில் இறங்கிக் கானெட்டையும், ஃபுல்மார், பஃபின் என்னும் பறவைகளையும் பிடிப்பர். இறைச்சி உணவாயிற்று, ஃபுல்மாரின் எண்ணெய் விளக்கெரித்தது, இறகு நிலவுடையவருக்கு வாரமாய்ச் சென்றது. காற்றுப் புகுமாறு அடுக்கிய கற்களால் கிளீட் என்னும் சிறு களஞ்சியங்களைக் கட்டி, அவற்றில் பறவைகளையும் முட்டைகளையும் புல்லையும் உலர்த்தி வைத்தனர். அத்தகைய களஞ்சியங்கள் ஹிர்ட்டாவில் மட்டும் இன்றும் ஆயிரத்திற்கு மேற்பட்டுள. ஒவ்வொரு நாள் காலையிலும் ஆடவர் தெருவிற் கூடி அன்றைய வேலை இன்னதென்று முடிவு செய்வர். வெளியூரார் அக்கூட்டத்தைப் பார்லிமெண்ட் என்று வேடிக்கையாக அழைத்தனர். 1886-இல் எடுக்கப்பெற்ற அதன் நிழற்படம் இன்றும் உளது.

இத்தகைய இடத்தில் இயற்கைக் காட்சி வேறு, உயிர்களின் படம் வேறு என்று பிரித்தல் இயலாது. பாறை வெண்மையாயிருப்பது பறவையால். சரிவுகள் கொழுத்த பசுமையாயிருப்பதும் பறவையின் எச்சம் உரமாதலால். புல் குட்டையாயிருப்பது ஆட்டினால். குன்றெங்கும் கற்குவியல் புள்ளியிட்டாற்போல் இருப்பது மனிதனால். ஆகவே அங்கு எடுத்த நல்ல படம் எதுவாயினும் அஃது ஒரு குடும்பப் படமேயாகும். தம் செயின்ட் கில்டாப் பயணத்தின் படங்களை 1897-இல் வெளிவந்த நூலொன்றில் சகோதரர் சேர்த்தபொழுது, பறவைகளை மட்டுமன்றி அங்குள்ள மக்களையும் அவர்தம் வாழ்வையும் உடன்வைத்தே காட்டினர். அது தற்செயலன்று, அத்தீவே அவ்வாறு கற்பித்தது.

கலைத்துறையில் ஆங்கு எழும் இடர்களையும் சிறிது விளக்குதல் நன்று. முதலாவது ஒளியைப் பற்றியது. வெண்பறவை கரும்பாறைமேல் அமர்ந்திருக்குங்கால், பாறையின் வெடிப்பும் பாசியும் புலப்படுமளவு ஒளியை ஏற்றால் பறவை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். பறவையின் இறகு புலப்படுமளவு குறைத்தால் பாறை இருட்குகையாகிவிடும். இக்காலக் காமிராக்களுக்கும் இத்தொல்லை முற்றும் நீங்கிற்றில்லை. மெல்லிய மேகம் கதிரவனை மூடும் வேளையே இதற்கு மருந்து. இரண்டாவது வானத்தைப் பற்றியது. அக்காலத் தகடுகள் நீலவொளியை மிகுதியாக ஏற்குமாதலின் வானம் வெளுத்து மேகம் மறைந்துவிடும். ஆதலின் கடற்காட்சிக்கு ஒரு தகடும் மேகத்திற்கு வேறொரு தகடுமாக எடுத்து, இரண்டையும் ஒட்டி அச்சிடும் வழக்கம் பிரான்ஸ் நாட்டு குஸ்தாவ் லெ கிரே என்பார் காலம் முதல், அதாவது 1850-ஆம் ஆண்டுகள் முதல், இருந்து வந்தது. மூன்றாவது அளவைப் பற்றியது. பெரும்பாறையின் படத்தில் ஒரு படகோ ஒரு மனிதனோ இல்லையாயின், அதன் உயரம் பத்து முழமோ பதினாயிரம் முழமோ என்று காண்பான் அறியான். நான்காவது பறவையே தரும் இடர். ஃபுல்மார் தன் கூட்டை அணுகுவோர்மேல் நாற்றமுள்ள எண்ணெயை உமிழும். அந்நாற்றம் துணியை விட்டு எளிதில் அகலாது. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் அப்பறவைக்கு அஃதொன்றே ஆயுதம். அது உமிழும்படி நேர்ந்ததெனின், படமெடுப்போன் இருக்க வேண்டிய எல்லையைக் கடந்துவிட்டான் என்பதே பொருள்.

அத்தீவில் ஒரு சிறு பறவையும் உண்டு. ரென் என்னும் அக்குருவியின் செயின்ட் கில்டா வகை, பெருநிலத்து வகையினும் சற்றுப் பெரிது, நிறம் சாம்பல் கலந்தது, குரல் உரத்தது. நெடுங்காலம் கடலாற் பிரிவுண்டு தனித்து வாழ்ந்தமையின் இவ்வேறுபாடு உண்டாயிற்று. 1884-இல் ஹென்றி ஸீபோம் என்பார் இதனைத் தனியினமென்று உலகிற்கு அறிவித்தார். அறிவித்ததே அதற்குத் தீங்காயிற்று. தோலும் முட்டையும் சேர்ப்போர் ஒவ்வொருவரும் தமக்கு ஒன்று வேண்டுமென்று விரும்பினர். விலை ஏறிற்று. உலகிலேயே அச்சிறு தீவுக்கூட்டத்தன்றி வேறெங்கும் இல்லாத குருவி பேழைகளுக்குள் போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. முடிவில் 1904-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அதற்கென்றே ஒரு சட்டம் இயற்றிக் காத்தது. அக்குருவி இன்றும் அங்கே பாடுகின்றது. ஓர் உயிரைக் கண்டறிதலும் காட்டுதலும் எப்பொழுதும் நன்மையே பயக்குமென்று எண்ணுதல் தவறு என்பதற்கு அது சான்று. கியர்ட்டன் சகோதரரின் காமிரா அவ்விருபது ஆண்டு இடைவெளிக்குள் அங்கே வந்தது என்பதை நினைக்குங்கால், துப்பாக்கிக்கு மாற்றாக ஒரு கருவி எவ்வளவு வேண்டியிருந்தது என்பது விளங்கும்.

மற்றொரு பறவைக்கு அம்மாற்று வருமுன்பே காலம் முடிந்துவிட்டது. கிரேட் ஆக் என்னும் பறக்கவியலாப் பெரும்பறவை ஒருகாலத்தில் வட அட்லாண்டிக் தீவுகளில் நிறைந்திருந்தது. பிரிட்டனில் கடைசியாகக் காணப்பெற்றது ஸ்டாக் அன் ஆர்மின் பாறையில், ஏறத்தாழ 1840-இல். பிடித்தவர் அதனைக் கட்டிவைத்திருந்த நாட்களில் புயல் எழவே, அது புயலை எழுப்பும் சூனியக்காரி என்று அஞ்சி அதனைக் கொன்றனர். 1844-இல் ஐஸ்லாந்தை அடுத்த எல்டே என்னும் தீவில் மற்றோரிணையும் கொல்லப்பட்டது. அதற்குப்பின் அவ்வினம் வாழ்ந்ததற்கு உறுதியான சான்றில்லை. நிழற்படக் கலை உலகிற்கு வெளியிடப்பெற்றதோ 1839-இல். ஒருவர் வீட்டுவாயிலுள் நுழைகையில் மற்றொருவர் புறவாயில் வழியே போய்விட்டதுபோல, அக்கலை வந்தது; அப்பறவை போயிற்று. உயிருள்ள கிரேட் ஆக்கின் நிழற்படம் உலகில் ஒன்றேனும் இல்லை. பஞ்சடைத்த உடல்களே உள. அது கரையில் எவ்வாறு நடந்தது, குஞ்சினை எவ்வாறு நோக்கியது என்பவற்றை இனி எவரும் காணார்.

மனிதரும் அத்தீவை விட்டு நீங்கும் நாள் வந்தது. 1852-இல் 36 பேர் ஆஸ்திரேலியாவிற்குக் கப்பலேறினர். அவருட் பலர் வழியிலேயே மாண்டனர். பச்சிளங் குழந்தைகளை இசிவுநோய் ஆண்டுதோறும் வாரிக்கொண்டது. கோடைகாலத்தில் நீராவிக் கப்பலில் வந்திறங்கிய உல்லாசப் பிரயாணிகள் அம்மக்களை ஒரு காட்சிப்பொருளாகக் கண்டு காமிராவைத் திருப்பினர். படத்திற்கு நிற்பதற்குக் காசு கேட்கலாயினர் அம்மக்கள். அது பேராசையன்று. தம் முகம் பிறர்க்கு விலைப்பொருளாயிற்று என்று அறிந்தவர், அவ்விலையில் ஒரு பங்கு கேட்டனர், அவ்வளவே. கடைசியில் 1930-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29-ஆம் நாள், எஞ்சியிருந்த 36 பேரும் தம் வேண்டுகோளின்படியே ஹேர்பெல் என்னும் அரசாங்கக் கப்பலில் ஏறித் தீவை விட்டகன்றனர். ஒவ்வொரு வீட்டிலும் வேதப்புத்தகத்தைத் திறந்துவைத்து, அதன் அருகே ஒரு சிறுகுவியல் தானியமும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினர் என்பர்.

அன்று முதல் பழைய படங்களின் பொருள் மாறிற்று. எடுத்த காலத்தில் அவை ஒரு விசித்திரத் தீவின் செய்திகள். இன்றோ அவை சாட்சிகள். எந்த வீட்டுக்குக் கூரை எவ்வாறு வேய்ந்திருந்தது, கயிற்றை எவ்வாறு பிடித்தனர் என்பவற்றை வினவுவோர் அப்படங்களையே நாடுகின்றனர். மனிதர் நீங்கியபின் வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. வீடுகளை அண்டி வாழ்ந்த ஒருவகைச் சுண்டெலி, அடுப்பும் தானியமும் அற்றுப்போகவே, சில ஆண்டுகளுக்குள் பூண்டோடு அழிந்தது. வயலெலியோ தப்பியது. 1932-இல் அண்டைத் தீவாகிய சோயேயிலிருந்து 107 ஆடுகளைக் கொண்டுவந்து ஹிர்ட்டாவில் விட்டனர். அவற்றின் வழித்தோன்றல்களே இன்று தெருவில் மேய்கின்றன. 1957 முதல் அத்தீவுகள் ஸ்காட்லாந்துத் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பிலுள. 1986-இல் அவை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றன.

சாட்சி கூறுதல் படத்தின் பெருங்கடமை என்பதற்கு மற்றோர் உதாரணம் கூறுவேன். ஸ்காட்லாந்தின் வடக்கே ஆர்க்னித் தீவுகளுள் ஐன்ஹாலோ என்பது ஒன்று. அதில் 1950 முதல் ஃபுல்மார் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்து வருகின்றனர். அவ்வாராய்ச்சியில் ஈடுபட்ட ஜார்ஜ் டனட் என்னும் பேராசிரியர் 1951-இல் ஒரு ஃபுல்மாரைக் கையிலேந்தி நிற்கும் படம் ஒன்று உளது. 1986-இல் அவர் அதே பறவையை ஏந்தி மீண்டும் படமெடுத்துக்கொண்டார். முதற்படத்தில் அவர் இளைஞர். இரண்டாவதில் நரைத்த முதியவர். பறவையோ இரண்டிலும் ஒரே தோற்றமுடையது! கடற்பறவை இத்துணை நெடுங்காலம் வாழுமென்று நூல்கள் பக்கம் பக்கமாகக் கூறினும், அவ்விரு படங்கள் கூறுமளவு மனத்திற் பதியுமாறு கூறவியலாது. அழகிற் சிறந்த படங்கள் அல்ல அவை. ஆயினும் முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே தீவிற்கு மீண்டும் மீண்டும் சென்ற ஒருவருடைய பற்று அவற்றுள் அடங்கியுளது.

அளத்தலிலும் படம் உதவுகின்றது. செயின்ட் கில்டாவின் செங்குத்தான பாறைகளில் கானெட் கூடுகளைக் காலால் நடந்து எண்ணுதல் இயலாது. விமானத்திலிருந்து படமெடுத்து அதிலுள்ள வெண்புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணுகின்றனர். 2013-இல் அவ்வாறு எண்ணியபோது ஏறத்தாழ 60,000 கூடுகள் இருந்தன. பின்னர் 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பறவைக் காய்ச்சல் ஸ்காட்லாந்தின் கடற்பறவைகளைக் கடுமையாகத் தாக்கிற்று. இழந்தது எவ்வளவு என்று சொல்லுதற்கு, முன்பு இருந்தது எவ்வளவு என்று தெரிந்திருத்தல் வேண்டுமன்றோ? முன்னமே எடுத்துவைத்த படமே அவ்வளவுகோல்.

இளையவராகிய செர்ரி கியர்ட்டனின் பிற்காலத்துப் படங்களும் இவ்வாறே அளவுகோலாயின. அவர் தம் மனைவியாருடன் தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையை அடுத்த டாஸன் தீவில் தங்கி, அங்குள்ள பெங்குவின்களைப் படம்பிடித்து, 1930-இல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் கண்ட தீவு பெங்குவின்களால் நிரம்பியிருந்தது. உணவிற்காக அவற்றின் முட்டைகளை இலட்சக்கணக்காகப் பொறுக்கினர். அவை வளைதோண்டி வாழ்ந்த பழைய எச்சப்படிவுகளை உரத்திற்காகச் சுரண்டினர். மத்தி முதலிய மீன்கள் குறைந்தன. இக்காரணங்களால் அவ்வினம் நாளுக்கு நாள் தேய்ந்து, 2024-ஆம் ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. அப்பொழுது எஞ்சியிருந்தவை 10,000 இணைகளுக்கும் குறைவே. செர்ரியின் படங்களை இன்று காண்போர், ‘இவ்வளவு இருந்தனவா!’ என்று திடுக்கிடுகின்றனர். வேடிக்கைக்காக எடுத்த படம் வழக்குமன்றத்து ஆவணமாயிற்று.

சாட்சியைப் பற்றி இத்துணை பேசியபின், பொய்ச்சாட்சியைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். யான் மாணவனாயிருந்த காலத்தில், இரவல் வாங்கிய ஒரு காமிராவோடு, விடுதியின் பின்புறத்து வேலியில் ஒரு கொண்டைக்குருவியின் கூட்டைக் கண்டேன். உள்ளே மூன்று குஞ்சுகள். இலைநிழல் அடர்ந்திருந்தமையால் படம் தெளிவாக விழாதென்று கருதி, கூட்டைச் சுற்றியிருந்த கிளைகளை ஒடித்து வெளிச்சத்திற்கு வழிசெய்தேன். படம் மிக நன்றாக அமைந்தது. மூன்று செவ்வாய்களும் பிளந்திருந்தன. நண்பர் அனைவரும் பாராட்டினர். மறுநாள் மாலை கூட்டில் ஒன்றுமில்லை. யான் வெளிச்சத்திற்குத் திறந்த வழி காக்கைக்கும் வழியாயிற்று. தாய்க்குருவி இரண்டு நாள் அவ்வேலியையே சுற்றி வந்தது. அப்படத்தை யான் கிழிக்கவில்லை, இன்றும் வைத்திருக்கின்றேன். அதனைக் காண்போர்க்கு அது தாயன்பின் படம். எனக்கோ அஃது என் அவசரத்தின் படம்.

ஆதலின், காமிரா ஏந்தும் இளைஞர்க்கு யான் சொல்லத் துணிவன சிலவே. கூட்டை மறைக்கும் இலை அக்கூட்டின் சுவர்; அதனை நீக்காதீர். தாய்ப்பறவை நும்மைக் கண்டு திரும்பத் திரும்பக் கூவுமாயின், அஃது உம்மை விலகச் சொல்லுகின்றது, விலகுங்கள். கூடு இருக்கும் இடத்தை ஊரறியப் பறைசாற்றாதீர். செயின்ட் கில்டாக் குருவியின் கதையை நினையுங்கள். ஒரு மனிதரைப் படம்பிடிக்குமுன் அவர் பெயரைக் கேளுங்கள். எடுத்த படத்தின்கீழ் நாளும் இடமும் எழுதிவையுங்கள். நாளும் இடமும் இல்லாத படம் அலங்காரமேயன்றிச் சாட்சியாகாது. அழகிய இடங்கள் நூறற்கு ஒருமுறை செல்வதினும், ஒரே குளக்கரைக்கு நூறுமுறை செல்லுங்கள். தீவு கற்பிப்பதும் இதுவே. எல்லைக்குட்பட்ட ஓரிடத்தை முற்றும் அறிந்து நேசித்தவனுக்கே அதன் காட்சி தன் உள்ளத்தைத் திறக்கின்றது.

கியர்ட்டன் சகோதரர் கண்ணாடித் தகடுகளைச் சுமந்து சென்ற அத்தீவில் இன்று அவர்கள் கண்ட மக்கள் இல்லை. தெருவும் கற்களஞ்சியங்களும் காற்றில் நிற்கின்றன. ஃபுல்மார் தன் ஒற்றை முட்டையின்மேல் அமர்ந்திருக்கின்றது. சிறுகுருவி கற்சுவரின் வெடிப்பிலிருந்து உரக்கப் பாடுகின்றது. எருதின் தோலுக்குள் ஒடுங்கி நின்று, பறவை தானே வரும்வரை மூச்சடக்கிக் காத்திருந்த அப்பொறுமையை இன்றைய விரைந்த கருவிகள் நமக்குத் தரமாட்டா. அதனை நாமே கொண்டு செல்லல் வேண்டும்.